டீப்பாயில் விழுந்த ரோஜாப்பூ

ஊரப்பாக்கத்து வைஷாலி மூன்று வருடமாக மர பாலிஷைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறாள். ஒரு பெயின்ட் கம்பெனியின் சேவை எண்ணுக்கு அழைப்பவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பதில்கள். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து அவற்றைத் தமிழில் எழுதியதும் அவள்தான். பிரஷை மட்டும் கையால் தொட்டதில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளிடம் அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்பா காசிநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஸ்டாண்டில், "நம்ம பொண்ணு பாலிஷ் லைன்ல பெரிய கை" என்பார். அதை நம்பிய அவருடைய நண்பர் ஜெபக்குமார், ஒரு வெள்ளிக்கிழமை, பாலிஷ் போடாத தேக்கு டீப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். திருவிடந்தையில் கடல் பக்கமாக இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விடுகிறார்.

"பாப்பா, இதுக்கு இன்னா பாலிஷ் போடலாம்?"

"சூடா எதாவது வைப்பாங்களா அங்கிள்?" பதினான்காம் பதில் இப்படித்தான் தொடங்கும்.

"ரூமுக்கு வர்றவன் கொழம்பு சட்டியவே வைப்பான்."

"அப்ப ஃபிரெஞ்சு பாலிஷ் வேணாம். வெள்ளையா வளையம் விழும். எண்ணெய் போட்டா சில மாசத்துக்கு ஒருவாட்டி மறுபடி தடவணும். தடவுவீங்களா?"

"கட்டிலுக்கு அடியில பெருக்கியே ஆறு மாசம் ஆவுது."

"பி.யு. போட்டுடலாம், பாலியுரித்தேன். சூடு தாங்கும். பளபளன்னு வேணாம், கீறல் தெரியும். மேட் போதும்."

"மச்சான், உம்பொண்ணு டாக்டர் மாரி கேக்குது. ஞாயித்துக்கெழம காலைல எடுத்துக்கறேன். சாயங்காலம் ஆள் வருது."

காசிநாதன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தனக்குத் தெரிந்தது பாலிஷா, பாலிஷைப் பற்றிய வாக்கியங்களா என்பது வைஷாலிக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கும் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை உப்புத்தாளை வைத்து மரத்தின் ரேகைப் போக்கிலேயே தேய்த்தாள். தோள்பட்டை வலித்தது. தோள்பட்டையைப் பற்றிப் பதில்களில் ஒன்றும் இல்லை. தூசியைத் துடைத்து, மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் அடித்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, பி.யு. இரண்டு கோட் போட்டாள். சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. பார்க்க நன்றாகவும் இருந்தது. அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அம்மா சரோஜாவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தூசி விழக்கூடாதென்று, சாப்பாட்டு மேஜையின் ரோஜாப்பூ போட்ட பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து டீப்பாய் மேல் விரித்தாள். பறக்காமலிருக்க மிக்ஸியைத் தூக்கி வைத்தாள்.

காலையில் விரிப்பைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பாலிஷில் வரிசையாகப் பன்னிரண்டு ரோஜா பதிந்திருந்தது. நடுவில் மிக்ஸியின் நாலு கால்.

"நான் இன்னாடி பண்ணேன், மூடித்தான வெச்சேன்?" என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். "டிசைன் நல்லாத்தான் கீது. எப்புடிம்மா போட்ட?"

எட்டு மணிக்கு வைஷாலி தன் கம்பெனியின் சேவை எண்ணுக்கே அழைத்தாள். பக்கத்து நாற்காலித் தோழி ருக்சானாதான் எடுத்தாள். அழைப்புகள் பதிவாகும் என்பதால் அவளால் தோழியாகப் பேச முடியாது.

"வணக்கம், உங்க பேர் சொல்லுங்க."

"ஏய், நான்தான்டி."

"பேர் சொல்லுங்க மேடம்."

சொன்னாள்.

"உங்க பிரச்சனை என்ன மேடம்?"

"ரோஜாப்பூ."

ருக்சானா புகார்ப் பகுதியில் 'ரோஜாப்பூ' என்று தட்டச்சு செய்தாள். விவரத்தைக் கேட்டுக்கொண்டு அறுபத்து மூன்றாம் பதிலை வாசித்தாள். "தொட்டால் ஒட்டாமல் இருப்பதால் பாலிஷ் முழுமையாக இறுகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. ஏழு நாட்கள் காத்திருக்கவும்."

வைஷாலி எழுதிய வாக்கியம். எழுத அரை நாள் ஆனது.

"பிளாஸ்டிக் கவர் பத்தி?"

"அது இதுல இல்லைங்க மேடம்."

ஆங்கிலக் கையேட்டை எழுதியவர் வீட்டில் யாரும் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பதில்லை போலிருக்கிறது.

ஒன்பது மணிக்கு ஜெபக்குமார் வந்தார். அப்பா ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அங்கிள், நான் இதுக்கு முன்னாடி பாலிஷ் போட்டதே இல்ல. போன்ல பதில் சொல்றதுதான் வேலை. இது ரெண்டு நாள் காயணும். அப்புறம் தேய்ச்சு மறுபடி ஒரு கோட். அப்புறம் ஏழு நாள்."

ஜெபக்குமார் ஒரு ரோஜாவை விரலால் தடவிப் பார்த்தார். "பத்து நாள்ல சரியாவுமா?"

"ஆவும்."

அந்தப் பதில் நூற்றுப் பன்னிரண்டில் இல்லை.

"அப்ப போடு. இன்னிக்கு வர்றவனுக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வெச்சிக்கறேன். உங்கம்மாவ மட்டும் கிட்ட வுடாத."

அப்பா துடைப்பதை நிறுத்தவில்லை. "பாத்தியா மச்சான், கரெக்டா நாள் சொல்லுது" என்றார்.

திங்களன்று வைஷாலி நூற்றுப் பதின்மூன்றாம் பதிலைத் தட்டச்சு செய்தாள். "பாலிஷ் போட்ட மரத்தின் மேல் ஏழு நாட்களுக்கு பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டாம். அதன் மேல் மிக்ஸியும் வைக்க வேண்டாம்."

மிக்ஸி எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டார்.

வைத்தார்கள் என்றாள்.