கக்கூஸ் பீங்கானில் பன்னீர் ரோஜா

ஞாயிற்றுக்கிழமை காலை லிண்டாவின் தோட்டத்தில் அவர் இருந்தார், அவர் கணவர் இருந்தார், பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் நான் இருந்தேன். என் அம்மா ஊரில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் இந்தப் பெர்த் நகரத்து வெயில் நம்மூர் வெயிலுக்குத் தம்பி முறை. ரோஜா வைப்பவர்கள் படாதபாடு படுகிறார்கள். லிண்டாவோ பழைய வெள்ளைக் கக்கூஸ் க்ளோசெட் ஒன்றை வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் சிவப்பு ரோஜா வளர்த்திருக்கிறார். வருகிறவர்கள் சிரித்தபடி அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "உங்கள் ஊரில் இப்படி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். சொல்லி முடித்ததும் காது சுட்டது. நான் முகம் சுளிப்பதாக நினைத்து, "நன்றாகக் கழுவிவிட்டுத்தான் மண் போட்டேன்" என்று சமாதானம் சொன்னார்.

விருத்தாசலத்தில் எங்கள் வாசலில் அப்படிப் பதினோரு பீங்கான்கள் இருந்தன. அப்பா பீங்கான் கம்பெனியில் சுமை தூக்குகிறவர். சூளையில் விரிசல் விட்டு விலைபோகாத கக்கூஸ் பேசின்களை ஒவ்வொன்றாகச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார். அம்மா அடியில் தேங்காய் மட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, பன்னீர் ரோஜா வைப்பார். இரண்டில் மட்டும் கனகாம்பரம். வெள்ளைப் பீங்கான் வெயிலை வாங்காது, வேர் குளிர்ந்து கிடக்கும் என்பது பள்ளிக்கூடம் போகாத அம்மாவின் கண்டுபிடிப்பு. காலை வெயில் விழ வேண்டும், உச்சிக்கு முருங்கை நிழல் வந்துவிட வேண்டும். மண் மாற்றுவதெல்லாம் ஐப்பசி மழைக்குப் பிறகுதான். தெருப் பெண்பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகும்போது ஆளுக்கொரு பூ கொடுப்பார். என் வகுப்புப் பையன்கள், "டேய், ஒங்க வூட்டு ரோஜா ஒக்கார்ற பக்கம் பூக்குமா, கால் வைக்கிற பக்கமா?" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படிப்போடு சேர்ந்து இந்தக் கூச்சமும் வளர்ந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் சித்திரையில் லீவில் போயிருந்தேன். மறுநாள் சென்னையிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது. சித்தியை அழைக்க அம்மா கருவேப்பிலங்குறிச்சிக்குப் போயிருந்தார்.

"இதையெல்லாம் ஒடச்சிப் போட்ரலாம்ப்பா. படிச்சவங்க வராங்க."

"செடி?"

"பிளாஸ்டிக் தொட்டி வாங்கியாந்துட்டேன்."

"சித்திரையில மாத்துனா புடிக்குமாடா? ஒங்கம்மா வரட்டும்."

"அம்மா வந்தா வுடாதுப்பா."

கடப்பாரையை நான்தான் எடுத்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "குடு, சில்லு கண்ணுல தெறிக்கும். நான் தூக்கியாந்ததுதான, நானே ஒடைக்கிறேன்." பதினொன்றையும் உடைத்தார். நான் செடிகளைப் பிடுங்கிக் கறுப்புத் தொட்டிகளில் நட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கிவந்த அம்மா வாசலில் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணி ஊத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பெண்ணின் அம்மா, "செடியெல்லாம் இப்படி வாடிக் கெடக்குதே, கவனிக்கமாட்டீங்களா?" என்றார். "நேத்து நான் வூட்ல இல்லைங்க, என் தப்புதான்" என்றார் அம்மா. நான் காபித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சம்பந்தம் பிறகு ஜாதகத்தில் நின்றுபோனது. கறுப்பு பிளாஸ்டிக் வெயிலைக் குடித்து வேர்களை வேகவைத்தது. நான் விமானம் ஏறும் முன்பே பதினொன்றும் கருகிவிட்டன. அம்மா மறுபடி ஒன்றும் வைக்கவில்லை.

பெர்த்தில் அந்த ஞாயிறு சாயங்காலம் வேலியோரம் நின்று, போனில் லிண்டாவின் ரோஜாவை அம்மாவுக்குக் காட்டினேன். போனை முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வாசல்லயேவா வெச்சிருக்காங்க?"

"ஆமாம்மா."

"வர்றவங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"போட்டோ எடுத்துக்குறாங்கம்மா."

அம்மா சிரிக்கவில்லை. "மண்ணு காஞ்சிருக்குது பாரு. அந்தம்மாவ மட்டை போடச் சொல்லு" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தெருவில் குரல் கேட்டது. "இருடா, பூக்காரம்மா வந்துட்டாங்க, நாளைக்கு கோயிலுக்குப் போவணும்" என்று போனைக் கையிலேயே பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். திரையில் எங்கள் வெறும் வாசல் ஆடி ஆடிப் போனது. என் முன்னால் இன்னொருவர் வாசலில் ரோஜா அசைந்தது. அம்மா பூவுக்கு விலை கேட்டு நான் கேட்டதே இல்லை.

"ரோஜா என்ன வெலைங்க?"

"ஒண்ணு பத்து ரூவா."