காணாமல் நிற்கிற வேலை

போன கார்த்திகையில் ஒரு காலை வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். முந்தின நாள் திருச்சூரில் நாடகம். மேடையைக் கழற்றி வண்டியில் ஏற்றிய கையோடு பஸ் பிடித்ததால் உடுப்பு மாற்றவில்லை. கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், மழிக்காத தாடி. டீக்கடைக்காரர் தம்ளரை நீட்டிக்கொண்டே, "சாமி, மாலை எப்பம் போட்டது?" என்று கேட்டார். மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் கறுப்புதான் உடுக்க வேண்டும், அப்போதுதான் இருட்டில் ஆள் தெரியாது என்றெல்லாம் விளக்கப் புகுந்தால் டீ ஆறிப்போகும். "இப்பத்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு முட்டை பப்ஸ் கேட்க வாய் வருமா? அதைப் பார்த்துக்கொண்டே ஏத்தன்பழ பஜ்ஜியைத் தின்றேன்.

என் முதல் கறுப்புச் சட்டை கடையில் வாங்கியதில்லை. அப்பாவின் பழைய சட்டை. வடசேரிச் சந்தையில் லாரியிலிருந்து வாழைக்குலை இறக்குகிற சுமட்டுக்காரர் அப்பா. வாழைக்கறை பட்ட துணியை எந்தச் சோப்பாலும் வெளுக்க முடியாது. எப்படியும் பாதி கறுத்துத்தானே கிடக்கிறது என்று அம்மா மீதியையும் சாயப்பொடி போட்டுக் கறுப்பாக்கி, பிடித்துத் தைத்துத் தந்தாள். மழை நாளில் சாயம் கழுத்தில் இறங்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் எடுக்கலாம் என்று கேட்க ஆளில்லை. அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு நாடகத்தை ஒரு தொழிற்பிரிவாகத் தொடங்கியிருந்தார்கள். கணக்கு இல்லை என்று கேள்விப்பட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுக்கு இவ்வளவுதான் காரணம்.

பாடம் எடுத்தவர் பெல்சி டீச்சர். நடிக்க வந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார் முதல் நாள். எல்லாரும் தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கியதாக ரஃபியா இன்றைக்கும் சொல்வாள். கோட்டாற்றிலிருந்து வருகிற பிள்ளை அவள். வகுப்பிலேயே நன்றாக நடிப்பவள். இங்கே கற்றுத்தருவது பிழைப்புக்கான வேலை என்றார் டீச்சர். விளக்கு, ஒலி, ஒப்பனை, உடை தைப்பது, அரங்கம் கட்டுவது எல்லாம் உண்டு. நடிப்பும் அதில் ஒன்று. ஒரு வாரம் என்னை வசனம் பேசவிட்டுப் பார்த்தார். பிறகு என் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்சை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து நான் மேடை நிர்வாகி. எந்த நொடியில் விளக்கு அணைய வேண்டும், எப்போது திரை எழும்ப வேண்டும் என்று பக்கவாட்டில் நின்று சைகை கொடுக்கிறவன்.

அப்போது திரைகளை நாங்களே எழுதுவோம். வர்ணம் பிடிக்கப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவோம். அந்த வாசனை தலைமயிர் வரைக்கும் ஏறிவிடும். ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தபோது அப்பா மோப்பம் பிடித்துவிட்டு, நாடகத்தில் எனக்கு என்ன வேஷம் என்று கேட்டார். வேஷம் இல்லை, பின்னால் நிற்பேன், யாரும் என்னைப் பார்க்கமாட்டார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"காணாம நிக்கதுக்கா படிக்குத? என்னையத்தான் ஒருத்தனும் பாக்கது இல்ல. உன்னையும் பாக்கப்பிடாதாக்கும்?"

சார்ஜாவிலிருந்து மாமா ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார். பயல் ஐடிஐயில் ஏசி மெக்கானிக் முடித்தால் விசா தன் பொறுப்பு என்று. அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: வருடக் கடைசியில் பரீட்சை நாடகத்தை வந்து பார்ப்பார், மனசுக்குப் பிடித்தால் படிப்பு, இல்லையென்றால் ஜூனில் ஐடிஐ. "ஒரு மட்டமாவது மேடைக்கு வருவ இல்லியா?" என்றும் கேட்டார். வரமாட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை.

பரீட்சைக்குத் திருவனந்தபுரத்து நாடகக் குழு ஒன்றின் மேடை நிர்வாகி தேர்வாளராக வந்திருந்தார். கதை சின்னதுதான். வெளிநாடு போன மகனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள், அது ரஃபியா. கடைசியில் அவள் அவனைப் பெயர் சொல்லி அழைப்பாள். சத்தமே இல்லாமல் பின்திரை மேலே போகும். பின்னால் திறந்து கிடக்கிற வாசல், அதில் ஆளில்லை. அந்தத் திரை நல்ல கனம். கப்பியில் கோர்த்த கயிற்றை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இழுக்க வேண்டிய பையன் மத்தியானமே வாந்தி எடுத்து வீட்டுக்குப் போய்விட்டான்; மற்ற எல்லாருக்கும் கையில் வேலை.

இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியோடு அப்பா முன்வரிசையில் இருந்தார். காட்சிக்குக் காட்சி அவர் கண் என்னைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தார். பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே என்னிடம் வந்து, "எங்க உனக்க டீச்சர்? எனக்க மவன் மட்டும் கொறஞ்சவனா?" என்று தொடங்கினார். குரலைத் தாழ்த்திப் பழக்கமில்லாத மனுஷர்.

மேடைக்குப் போகக் காத்து நின்ற ரஃபியா திரும்பினாள். "மாமா, சண்டய பொறவு போடலாம். இப்பம் ஆளில்ல. இந்தக் கயித்த ஒண்ணு புடியுங்க" என்று கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

கயிறு கைக்கு வந்ததும் அப்பா வேறு ஆளாகிவிட்டார். கால் தானாக அகன்றது. நான் காதோரம் போய், கையை ஓங்கி நிற்பேன், இறக்கினதும் இழுக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார்.

ரஃபியா மகனை அழைத்தாள். நான் கையை இறக்கினேன். அப்பா இழுத்தார். திரை பூப்போல எழும்பியது. கூடவே, "ஓ!" என்று ஒரு சத்தம்.

சந்தையில் அப்படித்தான். குலைக்கட்டை இருவர் தூக்கும்போது ஒருவன் குரல் கொடுப்பான். மற்றவன் 'ஓ' என்று மறுசத்தம் கொடுத்துக்கொண்டே தூக்க வேண்டும். கொடுக்காமல் தூக்கினால் ஒருவன் நடுமுதுகு போய்விடும். அத்தனை வருடப் பழக்கம், நாடகமென்று அடங்குமா?

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. ரஃபியா சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. சத்தம் வந்த திசைக்கு மெல்லத் திரும்பி, மகன்தான் மறுகுரல் கொடுத்தான் என்பது போலக் காதைக் கொடுத்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். சிரிப்பு அடங்கி, யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் விளக்கை அணைக்கச் சைகை கொடுத்தேன்.

விளக்கு வந்ததும் அப்பா தேர்வாளர் முன்னால் போய் நின்றுவிட்டார். "தப்பு எனக்கதாக்கும் சார். பயலுக்க மார்க்கில கை வச்சிராதியும்."

திரையை எப்போது இழுத்தீர்கள் என்று கேட்டார் அவர். பையன் கையை இறக்கினபோது என்றார் அப்பா. முன்னாலோ பின்னாலோ இல்லையே? இல்லை. அப்படியானால் பையன் பக்கம் தப்பில்லை, உங்களுக்கு நான் மார்க் போட வரவில்லை என்று அவர் சிரித்தார். அப்பா நகரவில்லை. இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டார்.

"நடிக்கிறவங்களுக்குச் சில மாசம் இருக்காது. எனக்கு எல்லா மாசமும் உண்டு" என்றார் தேர்வாளர்.

வீட்டில் கால் வைத்ததும் அம்மா, பயல் எப்படி நடித்தான் என்று கேட்டாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அவன் நடிக்கல்ல. அவன் கை அசையாம அங்க ஒருத்தனும் அசையல்ல, நானும் உட்பட." மறுநாள் சார்ஜாவுக்குப் போன் போட்டு, விசாவை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னார். மாமா இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. இப்போது நான் மேடை நிர்வாகியாக இருக்கிற குழு ஊர்ப்பக்கம் வந்தால் பாஸ் கேட்டுக் கூப்பிடுகிற முதல் ஆள் அவர்தான்.

எங்களுக்குப் பிறகு அந்தப் பிரிவு அதிக நாள் ஓடவில்லை. சேர ஆளில்லை என்று எடுத்துவிட்டார்கள். கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து நீட் பயிற்சி நடத்துகிறார்கள். கப்பி மாட்டிய உத்தரத்தில் ஏசி தொங்குகிறது. பெல்சி டீச்சர் வேறெங்கோ ஆங்கிலம் எடுக்கிறார்.

சென்ற மாதம் களியக்காவிளையிலிருந்து ஒருவர் போன் செய்தார். லாரி ஓட்டுகிறவராம். "பிள்ள பத்து முடிச்சிருக்கு. நாடகத்துக்கு லைட்டு போடப் படிக்கணும்ங்குது. நடிக்க இல்ல கேட்டியளா, லைட்டு" என்றார். வேலை கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று யோசிக்காமல் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கைத்திருத்தமாக வேலை தெரிந்தவரைத் தேடி நாங்கள்தான் அலைகிறோம். அவருக்குக் குரலே மாறிவிட்டது. அப்படியானால் பிளஸ் ஒன்னுக்கு எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றார்.

மனசுக்குள் மாவட்டம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினேன். பிளஸ் டூ முடிக்கட்டும், பிறகு நானே ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறேன், அதுவரை விடுமுறைக்கு எங்கள் குழுவுக்கு அனுப்புங்கள் என்றேன்.

"அதுக்கு ரெண்டு வருசம் கெடக்கே. நம்ம பக்கத்துல இப்பிடி ஒரு ஸ்கூலு கெடையாதா தம்பி?"

"இருந்துது அண்ணே" என்றேன்.