சபாபதி மிச்சம் பிடித்த முட்டி

சபாபதி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாணத்தன்று. மலேசியாவில், பெக்கோக் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பந்தல். பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பொடியன் ஒருவன் என் முன்னால் குப்புற விழுந்தான். "சபாபதி கையில யார்டா செம்பைக் குடுத்தது? அவன் முட்டியே அவனைத் தள்ளிவிடுமே!" என்று யாரோ கத்த, பந்தலே சிரித்தது. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறையாகும் ஐயாசாமியின் மூத்த பிள்ளை அவன். எனக்கு மகன் முறை.

அவன் நின்றால் முட்டி இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பாதம் இரண்டும் விலகி நிற்கும். ஐயாசாமியின் தாயாருக்கும் அதே கால்தான், நான் பார்த்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் அவனைக் கத்தரிக்கோல் என்று கூப்பிட்டார்கள். "கிட்ட வா, வெட்டிடுறேன்" என்பான். கோபப்பட்டதில்லை.

வளர்ந்து, சாஆ என்ற ஊர்ப் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலைக்குப் போனான். இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகிற வேலை. காளியம்மாவைக் கட்டினான். தகப்பன் போன பிறகு, தன்னைவிட ரொம்ப இளைய தங்கை பிரேமலாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். மாப்பிள்ளை குணாளன் தினமும் சிங்கப்பூர் போய் வேலை பார்த்துவிட்டு வருகிறவர். ஜொகூர் பாருவில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில், நாலாவது மாடியில் அவர்கள் வீடு.

ஐம்பதை நெருங்கும்போது சபாபதியின் முட்டி போய்விட்டது. வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பு உரசியது. இவ்வளவு வளைந்த காலைப் பெரிதாகத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் ஒரு டாக்டர். ஜொகூர் பாருவில் உலகப்பன் என்ற டாக்டர், தொடைச் சதையை அதிகம் அறுக்காமல் சின்ன வெட்டிலேயே செயற்கை முட்டி மாற்றலாம் என்றார். முதலில் வலது கால், அடுத்த வருஷம் இடது. எல்லாம் ஆறி அவன் நிமிர்ந்து நின்றபோது இரண்டு முட்டிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "ஒசரமாயிட்டாரு அத்தை" என்று காளியம்மா அழுதாள்.

அதற்குப் பிறகுதான் வினை வந்தது. ஆலையில் எந்தப் பேரிங்கும் இத்தனை மணி நேரம்தான் ஓடும், அப்புறம் மாற்றிவிட வேண்டும். அதையே பார்த்துப் பழகியவன், தன் முட்டியையும் பேரிங் கணக்கில் சேர்த்துவிட்டான். பத்து வருஷம்தான் வரும் என்று யாரோ சொல்லியும் வைத்தார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் மட்டும் நடந்தான். கோயில் திருவிழாவில் நாற்காலி. முனைக்கடைக்குக்கூடக் கார். படியைக் கண்டால் ஒதுங்கினான். டாக்டரிடம் காட்டப் போவதையும் நிறுத்தினான். தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்?

தங்கை வீட்டுக்குப் போனால் கீழே காரிலேயே உட்கார்ந்திருப்பான். டுரியான், முறுக்கு, தீபாவளித் துணி எல்லாம் காளியம்மா மேலே கொண்டுபோவாள். காரணத்தை அவளையும் சொல்ல விடவில்லை. "காலு நேராயிடுச்சுன்னு ஊரே பேசுது. இப்போ தேஞ்சிடும்னு பயப்படுறேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?"

பிரேமலா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஏழை வீடென்று அண்ணனுக்கு ஏறிவர மனசில்லை என்று நினைத்தாள். போன் பேச்சு குறைந்தது, பிறகு நின்றது.

போன வருஷம் அவள் மகள் லோஷினி பெரியவளானாள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு உண்டா? பிரேமலா எனக்குப் போன் போட்டாள்.

"சின்னம்மா, உங்க மகன்கிட்ட சொல்லிடுங்க. சீர்த்தட்டு அவர் கையில மேலே வரணும். கீழே நின்னு அனுப்புற தட்டு எனக்கு வேணாம். வரலன்னா மாமன் முறைக்கு வேற யாரையாவது நிக்க வச்சுக்குறேன்."

"என்னம்மா இது, ஒரே அண்ணன்."

"ஒரே அண்ணன்தான். அதனாலதான் ஒரே ஒரு தடவ கேக்குறேன்."

அப்படியே சொன்னேன். அடுத்த வாரமே சபாபதி உலகப்பன் டாக்டரிடம் போனான். அங்கே நடந்ததைக் காளியம்மாதான் எனக்குச் சொன்னாள். டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். வைத்தது வைத்த இடத்திலேயே இருந்ததாம், கால் கொஞ்சமும் கோணவில்லையாம். அப்புறம் தொடையை அழுத்திப் பார்த்திருக்கிறார்.

"முட்டி நல்லா இருக்கு ஐயா. தொடைதான் கரைஞ்சுபோச்சு. என்ன பண்ணீங்க இத்தன வருஷமா?"

"தேயாம பாத்துக்கிட்டேன் டாக்டர்."

"நீங்க நடக்கத்தானே மாத்தினேன்? அலமாரியில வச்சுப் பூட்டவா?"

மாடிப்படி ஏறலாமா என்று கேட்டான்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு தாராளமா ஏறுங்க. ஓடாதீங்க, குதிக்காதீங்க, குத்துக்கால் போட்டு உக்காராதீங்க. இன்னும் பல வருஷம் வரலாம். எத்தனைன்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது."

திரும்பிவரும் வழியில் யோங் பெங் ஊரைத் தாண்டும்போது, "லோஷினிக்கு மொதப் பொறந்தநாளு. அன்னிக்கும் நான் கார்லயே உக்காந்திருந்தேன்டி" என்றானாம்.

சடங்கன்று நான் அவனுக்குப் பின்னால்தான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். ஒரு கையில் பட்டு வைத்த தட்டு, ஒரு கை கைப்பிடியில். இரண்டாம் மாடியில் அவன் தொடை நடுங்க ஆரம்பித்தது. அந்த மாடியில் குடியிருந்த மலாய்க்கார அம்மா ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டு, "டுடுக் டுலு, பாக்சிக்" என்றார், முதலில் உட்காருங்கள் மாமா என்று. உட்கார்ந்தான். காளியம்மா தட்டை வாங்கக் கை நீட்டினாள். தரவில்லை.

சத்தம் கேட்டுப் பிரேமலா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தாள்.

"என்னண்ணே, கால் வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லம்மா. ஏறினா தேஞ்சிடும்னு பயந்தேன். அதான் இத்தன வருஷமா வரல. உன் வீட்டக் கேவலமா நெனச்சு இல்ல."

"அலமாக்! அத ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கீழே இறங்கி வந்திருப்பேனே! கார்லயே உக்காந்து சோறு தின்னிருக்கலாமே, அண்ணே!"

எத்தனை தீபாவளி அப்படிப் போனது என்று நான் எண்ணத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவளும் தட்டை வாங்கவில்லை. அவன் தோளுக்கடியில் கை கொடுத்து எழுப்பினாள். மிச்சப் படியை இரண்டு பேரும் மெதுவாக ஏறினார்கள். லோஷினிக்கு மாலை போட்டதும் பட்டு கொடுத்ததும் மாமன்தான்.

சபாபதி இப்போதும் சாஆவில்தான் இருக்கிறான். ஆலை வேலையை விட்டாயிற்று. காலையில் காளியம்மாவோடு பாசார் சந்தைவரை நடக்கிறான். மாதக் கடைசி ஞாயிறு, ஜொகூர் பாருவில் நாலாவது மாடியில், தங்கை வீட்டில் இருக்கிறான்.