பிரேக் அத்தையின் குறடு

என் அப்பாவின் அக்காவை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘பிரேக் அத்தை’தான். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கிழவரை “சீக்கிரம் இறங்கித் தொலைய்யா” என்று எவனோ தள்ளிவிட்டதற்காக, நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷி. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனடித்து ஓய்ந்துபோயின. கடைசியில் அவன் கேட்டான். அப்படிப்பட்டவரைத்தான் என் அப்பா முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

காரணம், ஒரு சட்டிப் பால். போன மாதம் அடுப்பில் வைத்துவிட்டு அத்தை கண்ணயர்ந்துவிட்டார். பால் கருகி, புகை மண்டி, எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். இந்த உலகத்தில் யார்தான் பாலைக் கருக விட்டதில்லை? அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. அந்த இல்லத்தில் அறையே பார்த்துவிட்டு வந்தார்.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட வாங்க,” என்றார் அத்தை. “நானே சமைக்கிறேன். கடைசியில ஆப்பிள் சுடுறேன். ஒண்ணு கருகியிருந்தாலும் சரி, வேகாம இருந்தாலும் சரி, நீ சொல்ற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வர்றேன். நல்லா வந்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

“இந்தக் காலத்துல யாரு அக்கா ஆப்பிளைச் சுடுறா? நான் ஐஸ்கிரீம் வாங்கிட்டு வர்றேனே.”

“நான் சுடுறேன்டா. சம்மதமான்னு கேட்டேன்.”

அப்பா சம்மதித்தார்.

ஞாயிறன்று அத்தைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஆப்பிளின் நடுத்தண்டை அடி ஓட்டையாகாமல் குடைந்தெடுத்தார். தோல் வெடிக்காமலிருக்க மேல் விளிம்பில் ஒரு சுற்றுச் சீவினார். குழிக்குள் உலர்திராட்சை, சர்க்கரை, பட்டைத்தூள், மேலே ஒரு கட்டி வெண்ணெய். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினார். ஓவன் அத்தையைவிடக் கொஞ்சம்தான் இளையது. அதன் திருகு எப்போதோ உடைந்துபோனதால் மிச்சமிருக்கும் இரும்புத் தண்டைக் குறட்டால் பிடித்துத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டு, குறட்டைப் பக்கத்து ஆணியில் மாட்டினார். என் கண்ணால் பார்த்தேன்.

சாப்பாடு பிரமாதம். அப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்க ஒரு தரம், உப்பு எடுக்க ஒரு தரம் என்று சமையலறைக்கு நடந்துகொண்டிருந்தார்; உட்கார்ந்தாலும் நாற்காலி நுனியில்தான்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அத்தை ஓவனைத் திறந்தார். உள்ளே ஜில்லென்று இருந்தது. ஆப்பிள்கள் வைத்தபடியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தன.

“பாத்தியாக்கா,” என்றார் அப்பா. “போடவே மறந்துட்டே. இதைத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“போட்டேனேடா...” அத்தையின் குரல் இறங்கிப்போனது. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

“போட்டாங்கப்பா. நான் பாத்தேன்.”

“நீ ஒண்ணும் அத்தைக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.”

அத்தை ஆணிப்பக்கம் கையை நீட்டினார். குறட்டைக் காணோம்.

“அதையும் தொலைச்சாச்சா? சரியாப் போச்சு,” என்று பெருமூச்சு விட்டபடி அப்பா முக்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார். பின்பாக்கெட்டைத் தடவி, குத்தியதை வெளியே உருவினார். குறடு.

அம்மாதான் வாயைத் திறந்தாள். “தண்ணி எடுக்கப் போனப்போ அணைச்சீங்களா?”

“ஒரு பாதுகாப்புக்குத்தான்... கொஞ்ச நேரம் கழிச்சுப் போடலாம்னு...” அப்பா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “மறந்துட்டேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்தேன். அடக்கவே முயலவில்லை.

அத்தை கையை நீட்டிக் குறட்டை வாங்கினார். தண்டைப் பிடித்துத் திருப்பினார்.

“வேக நேரமாகும். ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது.”

ஓவன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் குறடும் கட்டிய கையுமாக உட்கார்ந்துவிட்டார். பட்டை வாசனை வீட்டை நிறைத்தது. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், எழுந்திருக்க மட்டும் துணியவில்லை.

ஆப்பிள்கள் தோல் சுருங்கி, பாகு வழிய வெளியே வந்தன. பெரியதாகப் பார்த்து அப்பாவின் தட்டில் முதலில் வைத்தார் அத்தை.

“அந்த ரூமை வேண்டாம்னு சொல்லிடாதேடா தம்பி,” என்றார். “உனக்குத் தேவைப்படும்.”

அப்பா தலையை நிமிர்த்தாமல் கடைசிச் சொட்டுப் பாகுவரை வழித்துச் சாப்பிட்டார்.