மெதுவாகப் போகத் தெரியாத கார்

என் மகள் காமயகவுண்டன்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய மாமியார், அதாவது என் சம்பந்தியம்மா, ஒருமுறை நாலு பேர் நடுவில், "அவுக டவுன் பஸ்ல வந்து இறங்குற வீடு" என்று சொல்லிவிட்டார். அது என் காதுக்கு வந்தது. பேத்தி காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மகன் ஒரு பழைய கார் வைத்திருந்தான். விசேஷத்துக்கு முன்னால் அதைச் சரிபார்த்து வை என்றுதான் சொன்னேன். அவன் தேனியில் ஒரு பட்டறையில் கொடுத்து, எஞ்சினைப் பிரித்து மாற்றி, ரேஸ் வண்டியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். நின்ற இடத்திலேயே அது குளிர்காய்ச்சல் கண்ட எருமை மாதிரி உதறியது.

"ஏலே, என்னடா இது?"

"ஐடிலிங் அப்பிடித்தாம்மா இருக்கும். ஆறாயிரம் தாண்டணும், அப்பத்தான் பவரு வரும்."

"ஆறாயிரமா? காசிக்குப் போயிட்டுத் திரும்புனாக்கூட அம்புட்டுத் தூரம் வராதேடா. இந்தா இருக்கு காமயகவுண்டன்பட்டி!"

அது தூரக் கணக்கில்லையாம்; எஞ்சின் ஒரு நிமிஷத்துக்குச் சுற்றுகிற கணக்காம். எங்கள் ரோட்டில் அப்படிச் சுற்றவிட இடமேது? வேகத்தடை தாண்டினால் திராட்சை லாரி, அது ஒதுங்கினால் ஆடு. மெதுவாகப் போனால் துள்ளியது. இன்னும் மெதுவாகப் போனால் அணைந்தது. பெட்ரோலை மட்டும் நின்றுகொண்டும் குடித்தது.

ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் கிளம்பியது. முன்னால் மேளம், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், கடைசியில் நாங்கள். மேளத்துக்குப் பின்னால் போகிற கார் என்ன வேகத்தில் போகும்? மகன் ஆக்சிலேட்டரை மிதித்தால் பெண்கள் மேல் பாயப் பார்த்தது, காலை எடுத்தால் நின்றது. அது போட்ட சத்தத்தில் நாயனம் கேட்கவில்லை. தவில்காரர் திரும்பி நின்றுகொண்டார்.

"அண்ணே, ஒண்ணு நீங்க வாசிங்க, இல்ல நாங்க வாசிக்கிறோம்."

ரோஷம் வந்ததுபோல் அதோடு கார் அணைந்தது. சூடேறிவிட்டது, இனி கிளம்பாது என்றான் மகன். அங்கே நல்ல நேரம் முடியப் போகிறது; பிள்ளையை மடியில் வைக்க வேண்டிய தாய்மாமன் இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முழிக்கிறான்.

"இறங்கித் தள்ளுலே" என்றேன். நான் இறங்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவன் கதவோரமாக நடந்து ஸ்டியரிங்கைத் திருப்ப, பங்காளிகள் பின்னாலிருந்து தள்ளினார்கள். அப்போதுதான் அந்தக் காருக்கு மேளத்துக்கேற்ற நடையே வந்தது.

சம்பந்தியம்மா வாசலில் நின்றார்.

"என்ன சம்பந்தி, காரைத் தள்ளிக்கிட்டு வாரீக?"

"தேருக்குப் பெட்ரோல் ஊத்தியா இழுக்குறாக? தட்டை வாங்குங்க, நேரம் போகுது."

அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடு தட்டை வாங்கினார். பேத்தி மாமன் மடியில் உட்கார்ந்து கத்திய கத்து, அது நிச்சயம் ஆறாயிரத்தைத் தாண்டியிருக்கும்.

சாயங்காலம், "கார்ல போகலையா சம்பந்தி?" என்று கேட்டார்.

"அது போற வேகத்துக்கு என் கொண்டை அவுந்துரும்" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன். அந்த பஸ் எல்லா ஊரிலும் நின்றது. நின்ற இடத்திலெல்லாம் மறுபடியும் கிளம்பியது.