பண்ணைக் கிளையில் இருந்த திருத்தம்

அலுவலகத்தில் யாராவது கார் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடினால், "மெரினைக் கேளு, எந்தக் கிளையில தொங்குதுன்னு சொல்லிருவா" என்று கிண்டலடிப்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் மெரின் பாஸ்கோ பார்த்த வேலை அப்படி.

கடலுக்கடியில் வேலை செய்பவர்களுக்குப் படகிலிருந்து குழாய் வழியே போகும் காற்றில் எஞ்சின் புகை கலந்தால் அலறும் பெட்டி ஒன்றை அவளுடைய சின்னக் கம்பெனி செய்தது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராம் ஒன்றுதான். ஆனால் அபலோன் என்ற கடல் நத்தை பிடிப்பவர்களுக்கு, சால்மன் மீன் பண்ணைக்கு, துறைமுகத்துக்கு என்று அதைத் தனித்தனிப் பிரதிகளாக, அவர்கள் பேச்சில் 'கிளை'களாக, பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு கிளையில் செய்த திருத்தம் மற்றவற்றுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்வது மெரினின் பொறுப்பு. அவள் சொன்னால் போதும், யாரும் மறுபடி சோதிக்க மாட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்தானே.

அந்த மாதம் ஒரு கோளாறு தெரியவந்தது. எஞ்சின் பக்கத்தில் சூடேறினால் பெட்டி வாயை மூடிக்கொண்டது. திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எந்தெந்தக் கிளைக்கு வந்து சேர்ந்தது என்று மெரின் கணினியைக் கேட்டாள். மூன்று பெயரும் வந்தன.

"எல்லாத்துலயும் இருக்கு. அனுப்பிரலாம்" என்றாள்.

அவள் கணவன் ரோவன் சால்மன் பண்ணையில் முங்கி வலை தைப்பவன். அவன் படகுக்கும் புதுப் பெட்டி போயிற்று.

திங்கட்கிழமை காலை, மிச்சமிருந்த பண்ணைப் பெட்டி ஒன்றை ஹீட்டர் அருகே வைத்து, விளையாட்டாகச் சோதனைப் புகையைக் காட்டினாள். சத்தமில்லை. மறுபடி காட்டினாள். ஊமை. புரோகிராமைத் திறந்தாள். திருத்திய வரிகளையே காணோம்.

கிளையில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைப் படித்தாள். திருத்தம் வந்திருந்தது. மறுநாளே யாரோ அதை ரத்து செய்திருந்தார்கள். கிளைக்குள் வந்ததா என்றுதான் அவள் கேட்டிருந்தாள். வந்தது என்று கணினியும் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. இன்னும் அங்கே இருக்கிறதா என்று அவள் கேட்கவே இல்லை, பாவி!

ரத்து செய்தவன் பக்கத்து மேசைக்காரன் கிளென்.

"பண்ணைக் கிளையில இருந்து அதை ஏன்யா எடுத்த?"

"வாங்க வந்தவங்களுக்குக் காட்டுறப்போ சும்மா சும்மா கத்துச்சு. அந்த ஒரு மணி நேரத்துக்குன்னுதான் எடுத்தேன். திருப்பி வச்சுட்டேனே..." கிளெனின் முகம் வெளுத்தது. "வச்சேனா?"

மெரின் அதற்குள் படகுக்குப் போன் போட்டிருந்தாள். மேலே காவலுக்கு இருந்த நெவில் எடுத்தார்.

"ரோவன் எங்க?"

"கீழதாம்மா. பெட்டி பச்சை விளக்குக் காட்டுது, எல்லாம் சரியா இருக்கு."

"அதை நம்பாதீங்க! அவனை மேல இழுங்க, இப்பவே!"

"எதுக்கும்மா இப்படிக் கத்துற..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். "அய்யய்யோ! காத்து திசை மாறியிருக்கு. எஞ்சின் புகை பூரா காத்துக் குழாய்க்குள்ளதான் போகுது!"

போனை எங்கோ போட்டுவிட்டார். கயிறு உரசுவதும் அவர் மூச்சிரைப்பதும் கேட்டன. தளத்தில் கனமாக ஏதோ விழுந்தது. நீண்ட இருமல். பிறகு ரோவனின் குரல், நாக்குக் குழற, எரிச்சலோடு:

"என்ன அவசரம் உனக்கு, நெவில்? இப்பத்தான் கீழ சுகமா கண்ணை இழுத்துட்டு வந்துச்சு."