அண்ணைக்குக் காட்டாத கடிதம்

எங்கள் அண்ணை சிவபதமடைந்து இன்று முப்பத்தொரு நாள். இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அவரது ஒரே தங்கையாகிய நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அண்ணை அச்சுவேலியில் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா புகையிலைக்குத் தண்ணீர் இறைத்து அவரைப் படிப்பித்தார். கொழும்பில் பௌதிகவியல் விரிவுரையாளராக இருந்தபோது, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவரது அறை எரிந்தது. ஆறு வருடக் குறிப்புகளும் எரிந்தன. அகதிகளோடு கப்பலில் ஊருக்கு வந்து இறங்கியவரிடம் உடுத்த உடுப்பைத் தவிர எதுவும் இருக்கவில்லை. பிறகு உடுப்பிட்டியில் ஒரு பாடசாலையில் படிப்பித்தார். திருமணம் செய்யவில்லை.

அவரை விடாமல் பிடித்திருந்தது ஒரு கேள்வி. ஒளியில் ஒரு பங்கை மட்டும் விடும் தகடொன்றில் ஒளித்துணிக்கைகள் பட்டால் எத்தனை பங்கு கடக்கும் என்று குவாண்டம் கொள்கை சரியாகச் சொல்லும். இந்தத் துணிக்கை ஏன் கடந்தது, மற்றது ஏன் நின்றது என்று கேட்டால், காரணமே இல்லை என்று சொல்லும்.

“காரணம் இல்லை எண்டுறது பதிலே, தங்கச்சி? எங்களுக்குத் தெரியாததை இல்லையெண்டு சொல்லுறம்,” என்பார்.

துணிக்கைக்குள் ஏதோ மறைந்திருந்து முடிவு செய்கிறது என்பது அவரது எண்ணம். ஒரு தகட்டைக் கடந்ததும் அந்த மறைபொருள் பழைய நிலைக்கு வரக் கணநேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த தகடு வந்துவிட்டால், கடக்கும் பங்கு கொள்கை சொல்வதிலிருந்து சற்று மாற வேண்டும். அந்தச் சிறு மாற்றத்தைத்தான் அவர் தேடினார்.

யுத்தத்தால் மின்சாரம் நின்று, ஊருக்குள் பற்றறி கொண்டுவருவதும் தடைசெய்யப்பட்ட காலம் அது. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடிகளை வெட்டித் தகடுகள் செய்தார். ஸ்டூடியோக்காரர் ஒருவர் தந்த பழைய வெளிச்சமானிக்குப் பற்றறி தேவையில்லை. மத்தியான வெயிலை யன்னல் துளையால் உள்ளே எடுத்து, தகடுகளை ஒட்டியும் விலக்கியும் வைப்பார். ஒளியளவு காட்டும் மானியின் முள்ளை மட்டும் நான்தான் வாசிக்க வேண்டும்.

“நீங்களே பாருங்கோவன், அண்ணை.”

“என்ரை கண் நான் ஆசைப்படுறதைத்தான் காணும். நீ பொய் சொல்லமாட்டாய்.”

நாலு வருடம் வாசித்தேன். முள் சில நாள் அசைந்தது, சில நாள் அசையவில்லை. இந்தக் கருவிக்கு இது பிடிபடாது என்று அவருக்கே தெரியும். எல்லாவற்றையும் எழுதி, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து, வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினார். நல்ல கருவியால் இதைச் சோதிக்கும்படி கேட்டிருந்தார்.

பதில் வருமுன் நீரிழிவு முற்றியது. இன்சுலின் கிடைக்கவில்லை. கிடைத்த இரண்டு குப்பிகளும் குளிர்ப்பெட்டி இல்லாமல் பழுதாகிப் போயின. காலில் புண் வைத்து, காய்ச்சல் ஏறி, ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

அந்தக் கிழமைதான் பேராசிரியரின் கடிதம் வந்தது. வீட்டு வாசலில் நின்றே படித்தேன். அன்பான கடிதம். ஆனால் இதே சோதனை பல வருடங்களுக்கு முன்னரே வேறொரு நாட்டில் நல்ல கருவிகளால் செய்யப்பட்டுவிட்டது, கொள்கை சொன்னதில் எந்த மாற்றமும் காணப்படவில்லை என்று இருந்தது. சஞ்சிகை ஒன்றும் வராத ஊரில், முடிந்துபோன ஒன்றை நாங்கள் கண்ணாடி வெட்டித் தேடியிருக்கிறோம்.

“கடிதம் ஏதும் வந்ததோ?” என்று அன்று ஆசுபத்திரிக்குப் போனதும் அண்ணை கேட்டார்.

“இல்லை, அண்ணை.”

“வரும். அவங்கள் செய்து பாப்பாங்கள்.”

மூன்றாம் நாள் போய்விட்டார்.

அவர் நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் மறைத்தேன். ஆனால் உண்மையைக் கண்டிருந்தால், மூன்று நாளென்றாலும் அதைப்பற்றி யோசித்திருப்பார். பிழை எங்கே என்று கேட்டிருப்பார். அந்த மூன்று நாளையும் நான் அவரிடமிருந்து பறித்துவிட்டேன். இதற்கு ஆறுதல் சொல்ல யாரும் வரவேண்டாம்.

இன்சுலின் தேடி நீர்வேலி வரை சைக்கிள் உழக்கிய அயலவருக்கும், இறுதிவரை கைவிடாத தாதிமாருக்கும், தாளில்லாத காலத்தில் கோடுபோட்ட கொப்பித்தாளில் இதை அச்சிட்டுத் தந்தவருக்கும் எங்கள் நன்றி. முகமறியாத அந்தப் பேராசிரியருக்கும் நன்றி. அண்ணையின் மறைவை அறிவிக்க அவருக்கு மூன்று தரம் எழுதத் தொடங்கினேன். “உங்கள் கடிதம் கிடைத்தது” என்ற முதல் வரிக்கு அப்பால் எழுத முடியவில்லை.